இரண்டு தட்டும் ஓர் இறக்கமும்

போன வருடம் ஜனவரி மாதம், பள்ளிக்கூடங்கள் தொடங்குவதற்கு முந்திய கிழமை. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து கே.கே.எஸ். வீதியால் கொக்குவிலுக்குச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். தட்டாதெருச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம், மத்தியானத்துக்குக் கிட்டிய நேரம். அந்த வீதியைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று விலத்தினால் சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது ஓரத்தில் ஒரு முழம் மண்ணும், அதற்கு அப்பால் கானும்தான். கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுவதற்குச் சீமெந்தால் கட்டிய வாய்க்கால். சில இடத்தில் மேலே மூடி இருக்கும், சில இடத்தில் இருக்காது.

நான் வீட்டில் தையல் தைக்கிறவள். பட்டணத்தில் ஒரு புடவைக் கடையில் வெட்டின துணியை வாங்கி வந்து, பள்ளிக்கூடச் சட்டையாகவும், கழுசான் என்கிற காற்சட்டையாகவும் தைத்துக் கொடுப்பது என் வேலை. ஜனவரி வந்தால் எனக்கு நித்திரை இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். அந்த மாதம் முழுக்க என் மகள் என்னோடு கதைக்கவே யோசிப்பாள். அன்றைக்கும் கடையில் ஒரு கட்டுத் துணியை அளவு மாறி வெட்டி வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சண்டை பிடித்துவிட்டு, இரண்டு பெரிய பைகளில் துணியை அடைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒரு பையைப் பின் கரியரில் கட்டினேன். மற்றதைக் கைப்பிடியின் வலது பக்கத்தில் கொழுவினேன். அது ஆடி ஆடி முழங்காலில் அடித்தது. எனவே பையின் வாரை என் வலது மணிக்கட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டேன். சாமான் கொண்டுபோகிற பெண்கள் இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான். நானும் சைக்கிள் ஏறிய காலந்தொட்டு அப்படித்தான்.

பின்னால் ஒரு பஸ் ஹோன் அடிக்கத் தொடங்கியது. எங்கள் பஸ் சாரதிமாருக்கு ஹோன் அடிப்பது மூச்சு விடுவது மாதிரி. அடித்தால் விலகவேண்டும், விலகினாலும் அடிப்பார்கள். "அடியடா, உன்ரை கொப்பற்றை றோட்டு" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு ஓரங்கட்டினேன். இறங்கவில்லை. சீற்றில் இருந்தபடியே இடது காலைக் கான் மூடியில் ஊன்றி நின்றேன். பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும், பிறகு போவோம் என்பது என் எண்ணம்.

பஸ் போகவில்லை. மெதுவாக என் பக்கத்தில் ஊர்ந்து வந்து நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த கடையில் ஏதோ மூட்டை ஏற்றுவதற்காக நிற்பாட்டியிருக்கிறார்கள். நடத்துனர் இறங்கிப் பஸ்ஸின் பின்பக்கம் போய்விட்டார். நான் பஸ்ஸின் நடுப்பகுதிக்கு நேரே, அதற்கும் கானுக்கும் இடையில் அகப்பட்டுவிட்டேன். வலது பக்கம் தகரச் சுவர் மாதிரிப் பஸ். இடது பக்கம் கான், அதற்கப்பால் ஒரு வீட்டு மதில். முன்னால், பஸ்ஸின் மூக்குக்கு நேரே ஒரு மின்கம்பம். அந்தக் கம்பத்துக்கும் பஸ்ஸுக்கும் இடையில் ஒரு பூனை போகலாம், நான் போக முடியாது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் குதிக்காலுக்குப் பக்கத்தில் பஸ்ஸின் பின் சில்லு, என் இடுப்பளவு உயரச் சக்கரம்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இறங்கிச் சைக்கிளைப் பின்னால் தள்ளுவோம் என்று வலது கையை இழுத்தேன். கை வரவில்லை. பஸ்ஸின் வயிற்றில் சாமான் வைக்கிற பெட்டிக்கு ஒரு இரும்புக் கைப்பிடி இருக்குமே, அதில் என் பையின் வார் போய் மாட்டியிருந்தது. வார் அந்தப் பக்கம் இரும்பில் மாட்டியிருந்தது, இந்தப் பக்கம் என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. இடது கையால் கழற்றப் பார்த்தேன். துணியின் பாரம் வாரை இன்னும் இறுக்கியது.

அப்போதுதான் பயம் வந்தது. இந்த ஆள் இப்போது பஸ்ஸை எடுத்தால் என் கதி என்ன?

நான் இங்கே நிற்கிறேன் என்று யாருக்காவது தெரியவேண்டும். மேலே பார்த்தால் யன்னல்கள் உயரத்தில் இருந்தன. உள்ளே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. "இஞ்சை ஆள் நிக்கிறன்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உடனே இடது உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் பலமாகத் தட்டினேன், இரண்டு தரம்.

பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

பை இழுபட்டது, அதோடு என் கை இழுபட்டது, கையோடு நான் இழுபட்டேன். சைக்கிள் இரண்டு கால்களுக்கும் நடுவில். ஒரு கால் தரையில் தேய, மறுகால் கான் மூடியில் தத்தித் தத்தி, பஸ்ஸோடு சேர்ந்து போகிறேன். விழுந்தால் பின் சில்லு. விழாவிட்டால் கம்பம். நான் திரும்பவும் தட்டினேன். பஸ் இன்னும் வேகமெடுத்தது. மறுபடியும் தட்டினேன். தட்டத் தட்ட இவன் ஏன் எடுக்கிறான், இவனுக்கென்ன விசரா என்று எனக்கு விளங்கவே இல்லை. பின்னால் நடத்துனர் "அண்ணை! அண்ணை! பொறுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது. எனக்குக் கேட்டது, கேட்கவேண்டியவருக்குக் கேட்கவில்லை. ஓரிடத்தில் கான் மூடி இல்லை. என் இடது கால் வெறும் காற்றில் இறங்கியது. உடம்பு முழுவதும் அந்த ஒற்றை வாரில் தொங்கியது.

சாகிற நேரம் பிள்ளைகளின் முகம் தெரியும், கடவுள் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு வந்தது கோபம். அளவு மாறி வெட்டின இந்தத் துணிக்காகவா நான் சாகப்போகிறேன் என்று அழுகையோடு ஒரு கோபம். மகளின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் கம்பம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

திடீரென்று என் தலைக்கு மேலே இருந்த யன்னலில் ஒரு பெண் குரல், நீட்டி, சாதாரணமாகப் பஸ்ஸில் கேட்கிற அதே இராகத்தில் கேட்டது.

"இறக்...கம்!"

பஸ் நின்றது. யாரோ கயிறு போட்டு இழுத்தது மாதிரி நின்றது. என் சைக்கிளின் முன் சில்லு கம்பத்தில் முட்டி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. என் தோளுக்கும் கம்பத்துக்கும் இடையில் கை வைக்கக்கூட இடம் இல்லை.

எங்கள் ஊர்ப் பஸ்களில் ஏறியவர்களுக்கு இது தெரியும். இறங்கவேண்டியவர் "இறக்கம்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். எத்தனை சத்தத்துக்குள்ளும் அந்த ஒரு சொல் சாரதியின் காதில் விழும். காதில் விழுகிறதோ இல்லையோ, காலில் விழும். கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். நான் "ஆள் நிக்கிறன்" என்றதும், நடத்துனர் "பொறுங்கோ" என்றதும், பிறகு கேள்விப்பட்டபடி பஸ்ஸுக்குள் இருந்த இரண்டு மூன்று பேர் "ஐயோ" என்றதும், எல்லாமே பாட்டோடு பாட்டாகப் போய்விட்டன.

சாரதி பாட்டை நிற்பாட்டிவிட்டு எரிச்சலோடு கேட்டது எனக்கும் கேட்டது. "இப்பதானே நிப்பாட்டினது, அப்ப இறங்கியிருக்கலாமே. ஆர் இறக்கம்?" அதற்குள் நடத்துனர் ஓடி வந்து என்னைக் கண்டுவிட்டார். அவருடைய கையும் முகமும் கோதுமை மாவால் வெள்ளையாக இருந்தன. கண்ட பிறகு மா இல்லாத இடமும் வெளுத்துவிட்டது. வாரைக் கழற்ற அவராலும் முடியவில்லை. கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் கத்தி கொண்டுவந்து வாரை வெட்டினார். பை கானுக்குள் விழுந்தது. நான் மதிலோடு சாய்ந்து அப்படியே இருந்துவிட்டேன்.

பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டுமா? கூட்டம் கூடியது. மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பஸ்காரரை வாய்க்கு வந்தபடி பேசினார். ஓட்டோக்காரர் ஒருவர், "பொம்பிளையள் சைக்கிளிலை வந்தால் உப்பிடித்தான்" என்று தொடங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நிலையிலும் அவருக்கு நான் ஒரு பதில் சொன்னேன். பத்திரிகையில் போட முடியாத பதில்.

சாரதி இறங்கி வந்தார். சின்ன வயது, முப்பது இருக்கும். சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்து நானும் ஆயத்தமானேன். அவர் என் முன்னால் குந்தியிருந்து, அழுகிற மாதிரிக் கேட்டார்.

"அக்கா, நீங்களோ தட்டினது? ரெண்டு தட்டுக் கேட்டுது. அதுதான் எடுத்தனான்."

எனக்கு விளங்கவில்லை. நடத்துனர்தான் விளங்கப்படுத்தினார். அவர் வெளியே நின்று சாமான் ஏற்றும்போது சாரதி அவருடைய தட்டுக்காகக் காத்திருப்பார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் எடு. தொடர்ந்து தட்டினால் கெதியாக, இன்னும் வேகமாக எடு. நான் நிற்பாட்டச் சொல்லித் தட்டிய ஒவ்வொரு தட்டும் அந்த மனிதருக்கு, போ போ என்று கேட்டிருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பஸ்களில் ஏறி இறங்குகிறேன், அந்தத் தட்டுகளை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன். அது ஒரு பாஷை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் பாஷையில் என்னை நசுக்கச் சொல்லி நானே சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோதுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது. இழுபட்ட நேரம் கூட அப்படி நடுங்கவில்லை. பற்கள் ஒன்றோடொன்று அடித்தன, நிற்பாட்ட முடியவில்லை.

அப்போது பஸ்ஸின் வாசலால் ஒரு பெண் இறங்கி வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். ஒரு கையில் சாப்பாட்டுக் கரியர், மறுகையில் சுடுதண்ணிப் போத்தல். வந்தவர் என் பக்கத்தில், அந்தப் புழுதியில், சேலையோடு இருந்தார். என் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினார். மணிக்கட்டு வீங்கிக் கறுத்துப்போயிருந்தது.

"விரலை ஆட்டுங்கோ தங்கச்சி. ஆ, ஆடுது. உடையேல்லை."

அந்தக் குரலை நான் உடனே அறிந்துகொண்டேன்.

"நீங்களோ இறக்கம் எண்டது?"

"ஓம். முதல் நானும் ஐயோ எண்டுதான் கத்தினனான். ஆரும் கேக்கேல்லை. பிறகு வாயிலை உதுதான் வந்தது. ஏன் வந்ததெண்டு எனக்குத் தெரியாது."

சாரதி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று நின்றார். வேண்டாம், வீடு கிட்டத்தான் என்றேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நேரம் போகிறது என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நடத்துனர் அந்த அக்காவைப் பார்த்து, "ஏறுங்கோ, வெளிக்கிடுவம்" என்றார்.

"நீங்கள் போங்கோ. நான் இறக்கம் எண்டு சொன்னனான் எல்லே."

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அவர் எழும்பவில்லை. பஸ் போய்விட்டது. இந்த முறை நடத்துனர் உள்ளே ஏறி நின்று, வாயால் சொல்லித்தான் எடுக்கவைத்தார்.

கூட்டமும் கலைந்தது. நாங்கள் இருவரும் கடைப் படிக்கு மாறி இருந்தோம். அவர் போத்தலைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வீங்கின கையால் எனக்குப் பிடிக்க முடியவில்லை. அவரே என் வாயில் வைத்துப் பருக்கினார். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அக்கா, இது ஆருக்குக் கொண்டுபோறியள்?"

"இவருக்கு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை வாட்டிலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மத்தியானம் நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, உங்களுக்கு நேரம் போட்டுதே. ஏன் இறங்கினனீங்கள்?" என்று அந்த நிலையிலும் அவர் மேலே பாய்ந்தேன். அவர் கோபிக்கவில்லை.

"உங்கடை முகத்தை நான் மேலையிருந்து பாத்துக்கொண்டு வந்தனான். பாத்துப்போட்டு எப்பிடிப் போறது? குடியுங்கோ. அவருக்கு என்ரை தேத்தண்ணி பிடிக்கிறேல்லை, சீனி காணாது எண்டு ஒவ்வொரு நாளும் பேச்சுத்தான்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் கானுக்குள் கிடந்த பையை ஒரு தடியால் இழுத்தெடுத்து, துணியில் நல்லது எது, ஊத்தை எது என்று பிரித்துக்கூட வைத்தார். அடுத்த பஸ் வரும்வரை என்னோடு இருந்தார். பஸ் வந்ததும் கரியரைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினார். யன்னலால் கை காட்டினார். பெயரைக் கேட்கவில்லை. எந்த வாட்டு, என்ன வருத்தம், எதுவுமே கேட்கவில்லை. பிறகு யோசித்து என்னையே திட்டிக்கொண்டேன்.

வீங்கின கை இரண்டு கிழமையில் வடிந்தது. பயம் வடியவில்லை. தையல் மெசினில் இருக்கும்போது வீதியில் பஸ் உறுமினால் கால் மிதியை விட்டுவிடும். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போனேன். அதைவிட மோசம், என் மகளும் அதே வீதியால்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் திரும்பி வருகிற நேரம் நான் கேற்றடியில் நின்றேன். அவள் கொஞ்சம் பிந்தினால் வீதி முனைக்கே போய்விடுவேன். "அம்மா, உங்களாலை எனக்கு வெக்கம்" என்று அவள் கத்தினாள். கத்தட்டும். பஸ் பக்கத்தில் வந்தால் சீற்றில் இருந்து காலை ஊன்றிக்கொண்டு நிற்காதே, இறங்கிச் சைக்கிளைக் கானுக்கு அங்கால் தூக்கி வை என்றேன். எதையும் கையில் சுற்றாதே என்றேன். கடைசி வழியாகத் தட்டவேண்டி வந்தால் ஒரே ஒரு தட்டு, அதற்குமேல் தட்டாதே என்றேன். சைக்கிள் பழக்குகிற யாரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சந்திக்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி இப்போது என்னைக் கண்டால் "ஒரு தட்டு அக்கா வாறா" என்று பகிடி பண்ணுகிறார்கள்.

சைக்கிளில் ஏறப் பயந்த அந்த மாதங்களில் நான் பஸ்ஸில்தான் பட்டணம் போய் வந்தேன். இடது பக்க யன்னல் சீற் கிடைத்தால்தான் எனக்கு நிம்மதி. அங்கேயிருந்து கீழே பார்த்தால் சைக்கிள்காரரின் உச்சந்தலை தெரியும், கரியரில் கட்டின கீரைக்கட்டு தெரியும், பாரில் இருக்கிற குழந்தையின் கால் தெரியும். சாரதிக்கு இதில் ஒன்றும் தெரியாது. எல்லாம் எவ்வளவு கிட்ட, எவ்வளவு மெல்லியதாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் பயமாக இருக்கும். வேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போகும்.

ஒருநாள் ஒரு வயதானவர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் சைக்கிளோடு குனிந்து நின்றார். பஸ் புறப்படப் போகிறது. அவர் நிமிரவில்லை, எங்கேயோ மாட்டிக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. "இறக்கம்!" என்று நான் கத்திய கத்தில் முன் சீற்றில் தூங்கியவர் எழும்பிவிட்டார். பஸ் நின்றது. அந்த மனிதர் செருப்பு வாரைச் சரிபண்ணிவிட்டு ஆறுதலாகச் சைக்கிளில் ஏறிப் போனார். நடத்துனர் என்னைப் பார்த்து, "இறங்குங்கோவன் அக்கா" என்றார். வேறு வழி? வீட்டுக்கு இன்னும் பாதித் தூரம் இருக்க, சரியென்று இறங்கினேன்.

நல்ல வெயில். நிழலுக்கு ஒரு மரம் கூட இல்லை. அடுத்த பஸ் வருவதாகத் தெரியவில்லை. எனக்கு அவசரம் எதுவும் இல்லை, போய்ச் சமைத்தால் போதும். அப்படியிருந்தும் நிமிடத்துக்கு ஒரு தரம் வீதியை எட்டி எட்டிப் பார்த்தேன். அப்படி நிற்கும்போதுதான், அன்றைக்கு அந்த அக்கா எதை விட்டுவிட்டு இறங்கினார் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. தெல்லிப்பழையில் ஒரு கட்டிலில், மற்றவர்களுக்கெல்லாம் ஆட்கள் வந்து போக, ஒரு மனிதர் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, சுகமாகி வீட்டுக்குப் போனாரோ என்றும் தெரியாது. இப்போது நான் திரும்பவும் சைக்கிள் ஓடுகிறேன். ஏறி மிதிக்கும் முன், ஒவ்வொரு முறையும், எனக்காக அன்றைக்குக் காத்துக்கிடந்த அந்த மனிதரைத்தான் முதலில் நினைக்கிறேன்.